குடிவந்தோரும் குச்சிக்கிழங்கும்

அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், அவன் முன்னோரின் பெருமைகளுள் ஒன்றாக ஓர் அரிய செய்தியைப் புறநானூற்றில் பதிந்து வைத்திருக்கிறார். பெறுதற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் என்பதே அச்செய்தி. பகை வென்றதும் பரிசில் தந்ததும் மன்னர் புகழாகப் பேசப்பட்ட காலத்தில், ஒரு பயிரைக் கொணர்ந்ததும் அவற்றோடு ஒப்ப வைத்துப் பாடப்பெற்றது. அதியர் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த நிலம். ஆக, நம் வட்டாரத்தைப் பற்றிய பழைய இலக்கியக் குறிப்புகளுள் ஒன்று, வெளியிலிருந்து வந்து நமதாகிவிட்ட ஓர் உணவுப் பொருளைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கவிதையைப் பற்றி எழுதாமல் உணவைப் பற்றி எழுத முனைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நம் கூட்டம் முடிந்து, வழக்கம்போல் தெருமுனைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கித் தின்றுகொண்டு நின்றோம். வண்டிக்காரருக்கு உதவியாகப் பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தவர் ஓர் ஒடிய இளைஞர். உடன் நின்ற நண்பர் ஒருவர், "எங்க பார்த்தாலும் வடக்கத்திக்காரங்க தானுங்க. ஊரு நம்ம ஊராவே இல்லீங்க" என்றார். நானும் தலையை அசைத்தேன். வீடு திரும்பும் வழியில்தான் அது உறைத்தது: அந்த நண்பர் வீட்டில் பேசுவது தெலுங்கு, நான் வீட்டில் பேசுவது கன்னடம். நாங்கள் இருவரும் எழுதுவது தமிழ். எங்கள் முன்னோர் இவ்வூருக்குள் நுழைந்த நாளில், எந்தத் தெருமுனையில் எவர் நின்று எங்களைப் பற்றி இதையே சொல்லியிருப்பார்? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

மண்ணும் வழியும்

வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், மேற்கே கஞ்சமலையும், தெற்கே ஜருகுமலையும் காவல் நிற்க, நடுவே கிடப்பது சேலம். போதமலையையும் கொல்லிமலையையும் ஒட்டித் தெற்கே இறங்கினால் இராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் எனச் சமவெளி விரிந்து, மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் காவிரியைத் தொடுகிறது. 1997 சனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எனினும் உழவும் சந்தையும் உறவும் இன்றும் ஒன்றே.

காவிரிக் கரையை விட்டு விலகினால் இது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் கம்பும் சோளமும் நிலக்கடலையும் பருத்தியும் விளைவது. நெற்சோறு விருந்து நாளுக்கு. களியும் கூழும் அன்றாடத்துக்கு என்று வாழ்ந்த மண். அதே சமயம் இது வழிகளின் நாடு. தொப்பூர்க் கணவாய் வழியே மைசூர் மேட்டுநிலத்துக்கும், காவிரியை ஒட்டித் திருச்சிக்கும், மேற்கே கொங்குக்கும், ஆத்தூர் வழியே கீழைக் கடற்கரைக்கும் செல்லும் பாதைகள் இங்கே சந்திக்கின்றன. உழவு மட்டும் ஊட்டாத நிலத்தில் கைத்தொழிலுக்கு இடமுண்டு. பாதைகள் கூடும் இடத்தில் வந்தேறிகளுக்கு இடமுண்டு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்ததே இச்சமவெளியின் ஊழ்.

இங்கே ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். களி கிண்டும் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராக்கப்பட்டுப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்தது. கம்பும் சோளமும் ஆப்பிரிக்கப் பிறப்பே. மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்தினின்று, போர்ச்சுக்கீசியர் கடல்வழி கண்ட பின்னர், சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவை. நம் பாட்டிமார் "நம்ம ஊரு சாப்பாடு" என்று பெருமையோடு பரிமாறிய களியும், மிளகாய் அரைத்த கடலைத் துவையலும் குடிவந்தவையே. மண் அவற்றிடம் ஊர் கேட்கவில்லை. வேர் பிடிக்குமா என்று மட்டுமே கேட்டது.

தறியோடு வந்தவர்

14ஆம் நூற்றாண்டில் விசயநகர ஆட்சி தெற்கே பரவியது முதல், 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி வேரூன்றியது வரை, தெலுங்கும் கன்னடமும் பேசிய படைவீரரும் உழவரும் நெசவாளரும் அலை அலையாகத் தமிழகத்துக்கு வந்தனர். சேலம் வட்டாரத்தில் தாரமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கெட்டி முதலிகள் நாயக்கருக்கு உட்பட்டு ஆண்டனர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் சிக்கதேவராயரின் கை ஓங்கியது. பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சி. 1792இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. கொடி மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு மொழி பேசுவோர் இங்கே தங்கிவிட்டனர். கோட்டையைச் சுற்றி உருது ஒலித்ததும் அவ்வாறே.

நெசவாளரின் வரவு இவற்றுள் தனித்துக் கருதத்தக்கது. தமிழ் பேசும் செங்குந்தர் ஏற்கெனவே தறி நெய்த ஊர் இது. அவர்களோடு கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கரும், தெலுங்கு பேசும் பத்மசாலியரும், சௌராட்டிரரும் வந்து சேர்ந்தனர். சௌராட்டிரரின் நெடும் பயணத்தைப் பேசுவோர் மத்தியப் பிரதேசத்து மந்தசோர்க் கல்வெட்டை நினைவுகூர்வர். குசராத்துப் பகுதியான இலாட நாட்டினின்று குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவொன்று, 5ஆம் நூற்றாண்டில் அங்கே கதிரவனுக்குக் கோயில் எடுத்ததையும், பின்னர் அதனைப் புதுப்பித்ததையும் அக்கல்வெட்டு கூறுகிறது. தொழிலைத் தோளில் சுமந்து நாடு நாடாக நடந்த மக்கள், போன இடமெல்லாம் தம் கைத்திறனாலேயே குடியுரிமை பெற்றனர் என்பதற்கு அது சான்று.

குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, செவ்வாய்ச் சந்தையால் பெயர் பெற்ற செவ்வாய்ப்பேட்டை என்று சேலத்தின் பழைய பகுதிகளில் நடந்தால் ஒரு நாழிகைக்குள் நான்கைந்து மொழிகள் காதில் விழும். சௌடேசுவரி அம்மன் திருவிழாவில் தேவாங்க இளைஞர் கத்தி ஏந்தி ஆடி வரும் தெருவிலேயே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றப்படும். இன்று "சேலம் வெண்பட்டு" என்று புவிசார் குறியீடு பெற்று உலகம் அறிந்த துணி, இத்தனை மொழிக்காரர் கைகளும் பட்டு வளர்ந்த ஊரின் செல்வம்.

இவ்வீடுகளில் மொழி வாசற்படிக்கு உள்ளேயே நின்றது. சுவையோ தெருவுக்கு வந்துவிட்டது. தாய்மொழியைக் குழந்தைக்குக் கற்பித்த அடுப்படியிலேயே, பக்கத்து வீட்டுக்காரியிடம் கற்ற குழம்பும் கொதித்தது. கன்னட வீட்டு முத்தையும் தமிழ் வீட்டுக் களியும் ஒரே உருண்டையின் இரு பெயர்கள். எங்கள் வீட்டில் அம்மா அதைக் கன்னடத்தில் அழைத்துத் தட்டில் வைப்பார். பக்கத்து வீட்டு அத்தை தமிழில் அழைத்து வைப்பார். பசித்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்திப் பொழுதின் தட்டு

சேலத்துக்கு வரும் விருந்தினர் எவரும் கேட்டு உண்பது தட்டுவடை செட். இரண்டு சிறு தட்டுவடைகளுக்கிடையே துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம். ஒரு பக்கம் கொத்துமல்லி புதினா அரைத்த பச்சைச் சட்டினி, மறுபக்கம் மிளகாய் பூண்டு அரைத்த சிவப்புச் சட்டினி. இதனோடு பொரியில் கலந்த காரம், உடைத்துக் கலந்த நொறுக்கல் என்று அந்தத் தள்ளுவண்டிக் குடும்பம் பெரிது.

இதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் ஊரின் வரலாறே விரியும். அரிசி மாவும் பருப்பும் கலந்து தட்டிய தட்டுவடை தென்னாட்டுப் பண்டிகைப் பலகாரம். பீட்ரூட்டும் கேரட்டும் "இங்கிலீஷ் காய்" என்று நம் தாத்தா தலைமுறை அழைத்தவை. வெள்ளையர் வழியாகச் சந்தைக்கு வந்தவை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. பலகாரத்தின் மேல் இருவகைச் சட்டினி பூசித் தெருவில் நின்று தின்னும் வழக்கம் வடநாட்டுச் சாட் வகைகளோடு உறவுடையது. எனவே இதனை எந்த ஒரு சமூகத்தின் அடுப்படிக்கும் பட்டா எழுதிக் கொடுக்க இயலாது.

இது நெசவுத் தெருக்கள் நிறைந்த ஊரில் செழித்ததும் வியப்பன்று. கைத்தறி நெசவு ஒருவர் தொழிலன்று, குடும்பத் தொழில். விடியலில் தெருவில் பாவு நீட்டுவது முதல், பெண்களும் முதியோரும் தார் சுற்றுவது, ஆண் தறிக்குழியில் இறங்கி ஊடை கோப்பது வரை வீடே வேலை செய்யும். பகலெல்லாம் குழியில் கால் வைத்து அமர்ந்தவன் அந்தியில் தெருவுக்கு வருவான். வீட்டில் பலகாரம் சுட ஓய்ந்த கை இராது. சில காசுகளுக்குக் கிடைக்க வேண்டும், நின்றபடியே தின்ன வேண்டும், உறைப்பாக இருக்க வேண்டும். அத்தேவைக்கு ஏற்ற உணவு அது. தறி மொழிகளைச் சேர்த்தது போல், தள்ளுவண்டி நாவுகளைச் சேர்த்தது.

சேராத தட்டு

எனினும் வரலாற்றை இனிப்பாக மட்டும் எழுதுவது அறமாகாது. தெலுங்கு பேசிய எல்லோருக்கும் இச்சமவெளி ஒரே வகை வரவேற்பை அளித்துவிடவில்லை. தோல் தைத்தும், கவலை இறைக்கும் சால் செய்தும், காடு மேடுகளில் கூலி உழைத்தும் இம்மண்ணின் வேளாண்மையைத் தாங்கிய அருந்ததியர், நெசவாளரைப் போலவே தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்டவர்கள். நெசவாளருக்கு ஊருக்குள் தெரு கிடைத்தது. அவர்களுக்கு ஊருக்கு வெளியே சேரி கிடைத்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த கொடுமையை நம் தலைமுறையினரே கண்டிருக்கிறோம். அவர்கள் வீட்டு அடுப்பின் சுவை எந்த உணவு விடுதியின் பட்டியலிலும் இடம்பெறவில்லை. எந்த விருந்திலும் "நம்ம ஊர்ச் சிறப்பு" என்று பேசப்படவில்லை.

ஆகவே, வந்தவர் எவர் என்பதைவிட, வந்தவரை எந்தப் படியில் அமரவைத்தோம் என்பதே ஓர் ஊரின் உணவு வரலாற்றை எழுதுகிறது. பன்முகம் என்று இன்று நாம் புகழும் பண்பின் அடியில் இந்தக் கணக்கும் இருக்கிறது. இதனை மறந்து எழுதும் கவிதையும் முழுமை பெறாது என்பது என் எண்ணம்.

மலையேறிய காப்பியும் கடலேறிய மக்களும்

ஆங்கிலேயரும் ஒரு வகையில் குடிவந்தோரே. வாளோடு வந்த குடிகள். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காப்பியைப் பயிராக்கினார். ஐரோப்பியப் பழமரங்களையும் நட்டார். அரேபியக் கரையினின்று மைசூர் மலைகளுக்கு வந்ததாகச் சொல்லப்படும் காப்பி, இவ்வாறு சேர்வராயனிலும் ஏறியது. அடுத்த நூற்றாண்டில் சேலத்திலேயே காப்பித் தூள் வணிகம் பெரிதாக வளர்ந்தது. விடிந்தால் நீராகாரம் என்றிருந்த வீடுகளில் விடிந்தால் காப்பி என்றாயிற்று. தென்கன்னடத்தினின்று புறப்பட்ட உடுப்பி உணவு விடுதிகளும், மலையாளிகளின் தேநீர்க் கடைகளும் 20ஆம் நூற்றாண்டில் தமிழக நகரங்களெங்கும் பரவியபோது, நம் நகரங்களும் அவற்றை ஏற்றுக்கொண்டன.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இச்சமவெளி மக்களை வெளியே அனுப்பியும் வைத்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம், தாது ஆண்டுப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாயில் வழங்குவது, சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. கங்காணி பின்னால் நடந்து, மன்னார்க் கடலைக் கடந்து, மலைக்காட்டில் காப்பியும் தேயிலையும் நட்டவர்களில் நம் ஊர்க்காரரும் இருந்தனர். அங்கே அவர்களைப் பார்த்து, "எங்கு பார்த்தாலும் இவர்கள்தாம்" என்று எவரோ சொல்லியிருக்கவே செய்வர்.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ சாத்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் தமிழகம் திரும்பினர். 1983க்குப் பின் போரால் துரத்தப்பட்டோர் வந்தனர். சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் முகாம்கள் அமைந்தன. தேங்காய் கலந்து சுட்ட ரொட்டியும், இடித்த சம்பலும், பிட்டும் சொதியும் அவ்வீடுகளில் இன்றும் மணக்கின்றன. போனவர்கள் திரும்பியபோது அவர்களும் நமக்குப் புதியவர்களாகத் தோன்றியதுதான் விந்தை.

சாவகத்தின் பெயர், சேலத்தின் பொருள்

இக்கட்டுரையின் தலைப்பில் நிற்கும் குச்சிக்கிழங்குக்கு இனி வருவோம். மரவள்ளி என்று நூல்களிலும், குச்சிக்கிழங்கு என்று நம் பேச்சிலும் வழங்கும் இது தென்னமெரிக்காவில் பிறந்தது; போர்ச்சுக்கீசியர் வழியே இந்தியாவின் மேலைக் கரைக்கு வந்தது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதனைப் பயிரிட ஊக்குவித்தார். குச்சியை வெட்டி நட்டால் போதும், குறைந்த நீரில் விளையும் என்பதால் நம் மேட்டு நிலமும் இதனை ஏற்றுக்கொண்டது. ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் செல்வோர் சாலையின் இருபுறமும் கைவிரித்து நிற்கும் இதன் இலைகளைக் காணலாம்.

சவ்வரிசி என்றும் ஜவ்வரிசி என்றும் நாம் சொல்லும் பண்டத்தின் பெயர், சாவகமாகிய ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்னும் பொருளில் அமைந்தது என்பர். முதலில் அது சேகோப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து செய்யப்பட்டது. மலாய்த் தீவுகளில் பின்னர் மரவள்ளி மாவிலிருந்தும் செய்தனர். அங்கிருந்தே நம் கடைகளுக்கும் வந்தது. 1941 திசம்பரில் பினாங்கும், 1942 மார்ச்சில் ஜாவாவும் சப்பானியர் வசமாயின. கப்பல் நின்றது, பர்மா அரிசியும் நின்றது.

அந்த நெருக்கடியில்தான் சேலத்தின் புதிய தொழில் பிறந்தது. இத்தொழிலின் வரலாற்றைச் சொல்வோர் இரண்டு பெயர்களை முதலில் சொல்வர். ஒருவர் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார். மற்றவர் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஜி. ஷா, மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் நுட்பம் அறிந்தவர். 1943 அளவில் இவ்விருவரின் கூட்டால் சேலத்தில் குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி உற்பத்தி தொடங்கியது. போர் ஒரு துறைமுகத்தை மூடியது. அங்கிருந்து வந்த ஒருவரின் நினைவில் இருந்த செய்முறை, ஒரு சமவெளியின் வாழ்வை மாற்றியது.

செய்முறை எளிது போலத் தோன்றும், உழைப்போ பெரிது. கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைத்து, பாலைப் பிழிந்து வடிகட்டித் தொட்டிகளில் தெளியவிடுவர். அடியில் படிந்த மாவு ஈரத்தோடு இருக்கும்போதே அதனைத் துணியில் இட்டுத் தொட்டில் ஆட்டுவது போல் குலுக்கினால் முத்து முத்தாகத் திரளும். அம்முத்துகளைச் சூடான தகட்டில் வறுத்துக் களத்தில் காயவைப்பர். பின்னர் இயந்திரங்கள் வந்தன, ஆலைகள் பெருகின. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்தில் அமைந்தது.

இந்த ஜவ்வரிசி எங்கே செல்கிறது என்பதில்தான் கதையின் நயம் இருக்கிறது. நாம் அதைப் பாயசத்திலும் வடகத்திலும் கொஞ்சம் போடுகிறோம். பெரும் பகுதி வடக்கே செல்கிறது. மராட்டியத்திலும் குசராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏகாதசி, நவராத்திரி நோன்பு நாள்களில் தானியம் விலக்குவோர், சாபுதானா என்னும் பெயரில் இதனைக் கிச்சடியாக்கி உண்கின்றனர். பிரேசில் நாட்டுக் கிழங்கு, சாவகத்தின் பெயர், பினாங்கில் அறிந்த நுட்பம், சேலத்து வெயில், குசராத்தியின் நோன்புத் தட்டு! ஒரு முத்துக்குள் இத்தனை ஊர்கள் ஒடுங்கியிருக்கின்றன. 2023இல் "சேலம் ஜவ்வரிசி" புவிசார் குறியீடு பெற்றது. அயல் தீவின் பெயரைத் தாங்கிய பண்டம், எண்பது ஆண்டுகளில் இம்மண்ணுக்கே உரியது என்று சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது.

நாமக்கல்லின் வெள்ளைக் கோழி

நாமக்கல்லுக்கும் இதுபோன்ற ஒரு கதை உண்டு. நாட்டின் முட்டைச் சந்தையில் நாமக்கல் தனக்கெனத் தனி இடம் பெற்றிருக்கிறது. 1989இல் தமிழகச் சத்துணவில் முட்டை இடம்பெற்ற பின், பள்ளிப் பிள்ளையின் தட்டு வரை இவ்வூரின் உழைப்பு சென்றது. அந்த முட்டையை இட்டுப் பண்ணைகளுக்கு அடித்தளம் இட்ட வெள்ளை லெகார்ன் கோழியினம், இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தால் பெயர் பெற்றது. அமெரிக்காவில் வளர்ந்து இங்கே வந்தது. வானம் பொய்த்த நிலத்தின் உழவர் கோழிப் பண்ணைக்கும், லாரிக்கும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிக்கும் மாறியது பிழைப்பின் கதை.

லாரி ஓட்டிகள் நாடெங்கும் சென்று வந்தனர். பஞ்சாபின் தாபாக்களில் ரொட்டியும் பருப்பும் உண்டு பழகிய நாவோடு திரும்பினர்; நெடுஞ்சாலையோரம் நம் ஊரிலும் தாபாக்கள் எழுந்தன. சேலத்தில் 1930களில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் பல மொழிக் கலைஞரை ஈர்த்தது. முதல் மலையாளப் பேசும் படமான "பாலன்" 1938இல் அங்கிருந்தே வெளிவந்தது. 1980களின் தொடக்கத்தில் உருக்காலை இயங்கத் தொடங்கியபோது பல மாநிலத்தார் குடும்பத்தோடு வந்தனர். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசும் மளிகையும் வடநாட்டு வணிகரை நெடுங்காலமாகவே அறியும். ஒவ்வொரு வரவும் ஒரு சுவையை விட்டுச் சென்றது. ஒவ்வொரு சுவையும் சில ஆண்டுகளில் நமதாயிற்று.

இன்று வந்திருப்போர்

இப்போது பீகார், ஒடிசா, சார்க்கண்டு, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களினின்று வந்தோர் நம்மிடையே உழைக்கின்றனர். நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளில், பள்ளிபாளையம் குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில், ஜவ்வரிசி ஆலைகளில், கட்டடச் சாரங்களில், உணவு விடுதிகளின் அடுப்படிகளில் அவர்கள் இருக்கின்றனர். நம் பிள்ளைகள் படித்து, தறியை விட்டு, வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சென்றுவிட்டனர்; அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில் இவர்கள் நிற்கின்றனர். நம் அன்றாட இட்டிலிக்கு மாவு அரைக்கும் கை பல இடங்களில் அவர்களுடையதே.

2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரப்பப்பட்டன. அஞ்சிய பலர் ஊர் திரும்ப முனைந்தனர். பீகார் அரசு அனுப்பிய அலுவலர் குழு நேரில் வந்து பார்த்தது. அக்காட்சிகள் பொய் என்பது வெளிப்பட்டது. பரப்பியோர் மீது வழக்குகள் பதிவாயின. செய்தி பொய்தான். ஆயினும், அந்தப் பொய்யை அவர்கள் உடனே நம்பினர் என்பது மெய். பிறர் கூறிய வதந்தி ஒன்று அவ்வளவு எளிதில் வேர் பிடிக்க வேண்டுமெனில், அதற்கு ஏற்ற ஈரம் நம் பேச்சில் எங்கோ இருந்திருக்க வேண்டும். தள்ளுவண்டி அருகே என் தலை அசைந்ததே, அதுவும் அந்த ஈரத்தில் ஒரு துளி.

அயல் தீவின் ஜவ்வரிசிக்குச் "சேலத்தது" என்று நாடு முத்திரையிட்ட அதே ஆண்டில், அந்த ஜவ்வரிசி ஆலைகளில் உழைப்போர் இவ்வூரில் தமக்குப் பாதுகாப்பு உண்டா என்று ஐயுற்றனர். பண்டத்துக்கு எண்பது ஆண்டுகளில் அளித்த உரிமையை, அதைத் திரட்டும் கைகளுக்கு எத்தனை ஆண்டுகளில் அளிக்கப்போகிறோம்?

அதியர் கரும்பு கொணர்ந்ததை ஔவையார் பாடியதால் அது வரலாறாயிற்று, பாடாதிருந்தால் மறைந்திருக்கும். அதன்பின் வந்த கேள்விப்படாத எத்தனையோ வரவுகளுக்குப் பாட்டு இல்லை. நெசவுத் தெருக்களின் கன்னடச் சமையற் சொற்களையும், சௌராட்டிர வீட்டுப் பலகாரப் பெயர்களையும், அருந்ததியர் வீட்டு முதியோரின் நினைவுகளையும், முகாம் வீடுகளின் பிட்டுக்கும் சொதிக்கும் பின்னாலுள்ள கதைகளையும் எழுதி வைக்க நம் வட்டத்தைவிடப் பொருத்தமானோர் எவர்? நம்முள் பலர் வீட்டில் ஒரு மொழியும் ஏட்டில் ஒரு மொழியும் உடையோர். இரண்டாம் மொழியாகத் தமிழ் நம்மை ஏற்றது; முதல் மொழியை விடச் சொல்லவில்லை. அத்தகைய பெருந்தன்மையால் கவிஞரான நாம், அதனைப் பிறருக்கும் வழங்கக் கடமைப்பட்டவர்கள்.

சென்ற மாதக் கூட்டம் முடிந்து மீண்டும் அந்தத் தள்ளுவண்டிக்குச் சென்றோம். அந்த ஒடிய இளைஞர் இப்போது தட்டுவடையை அடுக்கி, சட்டினி பூசி, தாமே நீட்டுகிறார். "காரம் தூக்கலாவா, கம்மியாவாங்ணா?" என்று கேட்டார். சேலத்துத் தமிழ், பிசகில்லாமல். நண்பர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "தூக்கலாவே போடுங்க தம்பி" என்றார் நண்பர். அவர் ஊரில் இப்பொழுதுக்கு என்ன தின்பார்கள் என்று நான் கேட்டேன். பொரியைக் காட்டிச் சிரித்தார். அங்கும் இதுதானாம், வெங்காயமும் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் சேர்த்து.

நம் வட்டம் இன்னும் பத்தாண்டு காணட்டும். அடுத்த மலரில் அத்தகைய ஓர் இளைஞர் தமிழில் எழுதிய பாட்டு ஒன்று இடம்பெறுமாயின், அதியர் கொணர்ந்த கரும்புக்கு நிகரான வரவாக அதனை நாம் கொள்ளலாம்.